நன்னீர் மீன்தொட்டியில் உப்பிடும் முறை

நன்னீரில் வாழும் மீனுக்கு உப்பெதற்கு என்று வினவுதல் இயல்பே. ஆற்றிலும் ஏரியிலும் பிறந்து வளரும் உயிருக்கு உப்புப் பகையன்றோ எனத் தோன்றும். ஆயினும் அம்மீனின் குருதியை ஆராய்வார்க்கு வேறோர் உண்மை புலனாகும். அக்குருதியின் செறிவு, லிட்டருக்கு ஏறத்தாழ 9 கிராம் உப்பைக் கரைத்த நீருக்கு நிகராகும். அதனைச் சூழ்ந்துள்ள நன்னீரிலோ லிட்டருக்கு அரை கிராம் உப்பும் இராது. ஆதலின் செவுளின் மெல்லிய தோல் வழியே நீர் ஓயாது உட்புகுகின்றது; உப்பு ஓயாது வெளியேறுகின்றது. மீன் தன்னுள் மிகும் நீரைச் சிறுநீராகக் கழித்தும், இழந்த உப்பைச் செவுளிலுள்ள தனிவகை உயிரணுக்களால் சூழ்நீரினின்றே மீண்டும் ஈர்த்தும் உயிர் வாழ்கின்றது. டென்மார்க்கு நாட்டு உடலியல் அறிஞரும், 1920-ஆம் ஆண்டில் நோபல் பரிசு பெற்றவருமான ஆகஸ்ட் குரோக் என்பார், பொன்மீன் முதலிய நன்னீர் உயிர்களில் இவ்வீர்ப்பினை ஆய்ந்து, நீர்வாழ் உயிர்கள் தம்முள் உப்பையும் நீரையும் சமன்செய்யும் வகைபற்றி 1939-இல் ஒரு நூலும் வெளியிட்டார்.

நலமுற்ற மீன் இவ்வுழைப்பினை வருத்தமின்றிச் செய்யும். அதற்கு நாம் உப்பிட்டு உதவ வேண்டுவதில்லை. வாரந்தோறும் ஒரு கைப்பிடி உப்பைத் தொட்டியில் தூவுதல் நன்றென்று கடைக்காரர் சிலர் கூறுவதுண்டு. அஃது நோயற்றவனுக்கு நாடோறும் மருந்தூட்டுவதை ஒக்கும். தோலிற் காயமுற்ற மீனுக்கும், நெடுவழி கொணரப்பட்டுத் தளர்ந்த மீனுக்குமே லிட்டருக்கு 1 கிராம் உப்பு அச்சுமையைக் குறைத்துத் துணைசெய்யும்.

உப்பு சிறந்த பயன் விளைப்பது வேறோரிடத்தில். புதிதாக அமைத்த தொட்டியில் மீனின் கழிவினின்று அம்மோனியாவும், அதனின்று நைட்ரைட்டும் உண்டாகும். நைட்ரைட்டை மாற்றவல்ல நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதுவரை அந்நஞ்சு செவுள்வழி உட்புகுந்து, குருதி பிராணவாயுவைச் சுமக்கவொட்டாமற் செய்யும். குருதியும் பழுப்பு நிறமாகும். மீன் நீர்மட்டத்தில் வாய்திறந்து திணறும். உப்பிலுள்ள குளோரைடோ நைட்ரைட்டு நுழையும் அவ்வாயில் வழியாகவே நுழைவது. ஆதலின் குளோரைடு மிகுந்துள்ளவிடத்து நைட்ரைட்டுக்கு இடங்கிடையாது. இதற்குப் 10 லிட்டருக்கு 1 கிராம் உப்பே போதியது. அதனால் லிட்டருக்கு ஏறக்குறைய 60 மில்லிகிராம் குளோரைடு சேரும். நைட்ரைட்டு இதனால் அழிவதில்லை என்பதை மறத்தலாகாது. நீரை மாற்றுதலும் வேண்டும்.

வெண்புள்ளி நோய்க்கு லிட்டருக்கு 2 முதல் 3 கிராம் வரை இடுவர். மீனின் தோலுக்குள் உறையும் ஒட்டுயிரை உப்பு தீண்டாது. அது வெளிப்பட்டுப் பெருகி, அதன் குஞ்சுகள் நீரில் நீந்தித் திரியும்போதே தாக்கும். புள்ளிகள் மறைந்தவுடன் நிறுத்திவிடாமல் பத்து அல்லது பதினான்கு நாள் தொடர வேண்டுவது இதுபற்றியே.

இனி அளவு. உப்பைக் கரண்டியால் அளத்தல் தகாது. கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே கரண்டியில் ஒரே எடையாய் நில்லா. தராசில் நிறுத்தலே முறை. தொட்டியின் கொள்ளளவும் கடையில் சொன்னவாறன்று. 60 சென்டிமீட்டர் நீளமும் 30 அகலமும் உடையதொரு தொட்டியில் 26 சென்டிமீட்டர் உயரம் நீர் நின்றால் கணக்குப்படி 46.8 லிட்டர் ஆகும். அடியிற் பரப்பிய நான்கு சென்டிமீட்டர்ச் சரளையைக் கழித்தால் உள்ளபடி நிற்பது 42 லிட்டர் அளவே. லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் 42 கிராம் உப்பு வேண்டும். அதனைத் தொட்டிநீரிலேயே ஒரு குவளையில் முற்றக் கரைத்து, மூன்று கூறாக்கி, ஒருநாட் பொழுதில் சிறிது சிறிதாக ஊற்றுக. படிகங்களை மீன்மேலும் செடிமேலும் தூவற்க.

சமையலுக்குரிய கல்லுப்பு போதும். தூத்துக்குடியிலும் வேதாரணியத்திலும் விளையும் உப்பே இதற்கு அமையும். அயோடின் சேர்ந்த உப்பால் மீன் மடியுமென்பது மிகைப்பட்ட அச்சம். அதிலுள்ள அயோடின் மிகச் சிறிதே. பேதியுப்போ பெயரளவில் உப்பாயினும் குளோரைடு அற்றது. நைட்ரைட்டுக்கு அது பயன்படாது. கடற்கரை ஊர்களில் கிணற்று நீரே உப்புக் கரிக்குமாதலின், முன்னரே உள்ள அளவை அறிந்தபின் இடுக. வடிகலத்தில் சியோலைட்டுக் கற்கள் இருப்பின் முதலில் அவற்றை எடுத்துவிடல் வேண்டும். உப்பு நீர் பட்டால் அவை தாம் பிடித்துவைத்த அம்மோனியாவை மீண்டும் நீரில் விட்டுவிடும். பொன்மீன், மோலி, கப்பி ஆகியன உப்பைப் பொறுக்கும். அயிரை இனத்தனவும் கோரிடோராஸ் என்னும் சிறு கெளிறுகளும் அத்துணைப் பொறா. மென்செடிகள் பலவும் வாடும். ஆகவே நோயுற்ற மீனை வேறொரு பாத்திரத்திற்கு மாற்றி மருத்துவஞ் செய்தலே மேலெனக் கருதுகின்றேன்.

மீன்கள் பெரிதும் மடிவது முதன்முறை இடும் உப்பாலன்று. பின்னர்க் கணக்கின்றிச் சேர்வதால். நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. கோடையில் ஒரு வாரத்தில் 4 லிட்டர் வற்றினால் எஞ்சிய 38 லிட்டரில் முன்னிருந்த 42 கிராமும் அப்படியே நிற்கும். வற்றிய நீருக்கு ஈடாக வெறுநீரே ஊற்ற வேண்டும். அவ்வாறன்றி ஒவ்வொரு வாரமும் 4 கிராம் உப்பும் சேர்ப்பவர், பத்து வாரத்தில் 40 கிராம் கூட்டி, அறியாமலே அளவை ஏறத்தாழ இரட்டித்துவிடுவர். நீரை முகந்தெடுத்து மாற்றும்போது நிலை வேறு: 10 லிட்டர் எடுத்தால் 10 கிராம் உப்பும் உடன் போகும், அதனை மட்டும் புதுநீரிற் கரைத்து ஈடுசெய்க.

மருத்துவம் முடிந்தபின் உப்பை நீக்கக் கரியும் வடிகலமும் உதவா. ஒவ்வொரு முறையும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றிவரின், லிட்டருக்கு 1 கிராம் இருந்தது 0.75, 0.56, 0.42, 0.32 எனப் படிப்படியே குறையும். இரண்டு மூன்று நாளுக்கொருமுறை இங்ஙனஞ் செய்தல் மீனுக்கு இசையும். இடையில் எப்பொழுதேனும் மீன் நிலைதவறிச் சாய்ந்தாலும், வெறிகொண்டதுபோல் பாய்ந்தாலும், நாள் முறையை எதிர்பாராது, குளோரின் நீங்கிய அதே வெப்பமுள்ள வெறுநீரை உடனே மாற்றத் தொடங்குக.