அபராதம் 250 கோடி வரை... அந்தப் பணம் யாருக்குப் போகும்?

நீங்க ஒரு ஆப்ல கொடுத்த போன் நம்பரும் முகவரியும் வெளியே கசிந்துவிட்டதுன்னு வெச்சுக்கோங்க. கசியாமல் தடுக்க நியாயமான பாதுகாப்பு செய்யத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்கிறது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. "அதுல எனக்கு எவ்வளவு கிடைக்கும்?" இதுதானே உங்க கேள்வி?

ஒரு ரூபாய்கூட கிடைக்காது. அபராதம் விதிக்கும் இந்தியத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் அது போகாது. சட்டத்தின் 34-வது பிரிவுப்படி, முழுத் தொகையும் இந்தியத் தொகுப்பு நிதியில், அதாவது மத்திய அரசின் நிதியில் சேரும்.

ஏன் இப்படி?

அபராதம் போடுபவரின் சம்பளமே அந்த அபராதத்திலிருந்து வந்தால் என்ன ஆகும்? தப்பு சிறுசோ பெருசோ, வசூல் பண்ணத்தான் தோணும். அதனால்தான் பணத்தையும் தீர்ப்பையும் பிரித்து வைக்கிறார்கள்.

அப்போ வாரியம் எப்படி நடக்கும்?

மத்திய அரசின் பட்ஜெட் ஒதுக்கீட்டில். இதிலும் ஒரு சிக்கல் இருக்கு. அரசுத் துறைகளும் மக்களின் தகவலை வைத்திருக்கின்றன. பணம் தரும் அரசையே வாரியம் கேள்வி கேட்க வேண்டி வரலாம்.

பிரிட்டனில் வேறு வழி. தனிநபர் தகவலைக் கையாளும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் கட்டணம் கட்டுகின்றன. 2025 பிப்ரவரி முதல் அது அளவைப் பொறுத்து 52 பவுண்ட், 78 பவுண்ட், 3,763 பவுண்ட் என மூன்று வகை. தரவுப் பாதுகாப்புப் பணிக்கான செலவு பெரும்பாலும் இதிலிருந்தே வருகிறது. அபராதம் அங்கேயும் அரசுக் கருவூலத்துக்குத்தான். 2022 முதல் வழக்குச் செலவுக்கு மட்டும் ஒரு வரம்புக்குள் எடுத்துக்கொள்ளலாம்.

நீங்க கவனிக்க வேண்டியது

• இந்தச் சட்டத்தின்கீழ் வாரியம் உங்களுக்கு இழப்பீடு வாங்கித் தராது. ஆனா உங்க புகாரை வைத்து விசாரித்து, அபராதம் விதிக்க முடியும்.

• புகாரை முதலில் அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அனுப்புங்க. தீர்வு இல்லாவிட்டால்தான் வாரியம். அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட்டை பத்திரமா வைங்க.

• விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களுக்கான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும்.

• மோசடியில் பணமே போயிடுச்சா? வாரியத்துக்காகக் காத்திருக்காதீங்க. உடனே 1930-க்கு அழையுங்க.