மனச்சுமையும் வீடியோ விளையாட்டும்



சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவு, நோயில்பூசுதல் கொடுப்பதற்காக அவசரமாக ஒரு மருத்துவமனைக்கு அழைக்கப்பட்டேன். மோட்டார் சைக்கிளில் வந்த தகப்பனையும் மகனையும் லொறியொன்று மோதியிருந்தது. தகப்பனுக்குப் பலத்த காயம். நான் போய்ச் சேருமுன்னரே அவரைச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் கொண்டுபோய்விட்டார்கள். பின்னால் இருந்து வந்த பதினேழு வயது மகனுக்குச் சிராய்ப்புக்கள் மாத்திரமே. விறாந்தையில் தாயும் உறவினரும் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தனர். மகனோ வாங்கின் மறுமுனையில் குனிந்திருந்து, கைத்தொலைபேசியில் கட்டை அடுக்கும் விளையாட்டு ஒன்றை ஆடிக்கொண்டிருந்தான்.

"கொப்பர் உள்ளுக்க இந்த நிலையில கிடக்கிறார், உனக்கு விளையாட்டுக் கேக்குதோ?" என்று தாய்மாமன் அதட்டினார். பையன் என்னை நிமிர்ந்து பார்த்தான். நானும், "வை தம்பி, வந்து செபத்தில சேர்" என்றேன். தொலைபேசியை வைத்தான். ஆனால் செபத்தில் சேர்ந்தான் என்று என்னால் சொல்ல முடியாது. சுவரைப் பார்த்தபடியே இருந்தான்.

இறைவன் அருளால் தகப்பன் பிழைத்தார். இன்று கோலூன்றி நடக்கிறார். பல மாதங்களின் பின் அந்தப் பையனிடம் அன்றிரவைப் பற்றிக் கேட்டேன். "கண்ணை மூடினால் லொறியின்ர லைற் வருது பாதர். அந்தக் கட்டையள் விழேக்க மட்டும் வரேல்ல" என்றான். அன்று நான் சொன்னது சரிதானா என்ற கேள்வி அதன்பின் என்னை விட்டுப் போகவில்லை. அதைப்பற்றி வாசித்தவற்றையும் சிந்தித்தவற்றையுமே இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

அவன் ஆடிய விளையாட்டின் பெயர் ரெற்றிஸ். 1984ஆம் ஆண்டில் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் வேலை செய்த அலெக்சி பஜித்நொவ் என்பவர் அதை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய கணினியிற் படம் வரையும் வசதிகூட இருக்கவில்லை. அடைப்புக்குறிகளைக் கொண்டே கட்டைகளை அமைத்தார். நான்கு சதுரங்களை ஒட்டினால் ஏழு வடிவங்கள் கிடைக்கும். அவை ஒவ்வொன்றாக மேலிருந்து விழும். திருப்பி, நகர்த்தி, இடைவெளியின்றி அடுக்க வேண்டும். ஒரு வரிசை நிறைந்தால் அது மறைந்துவிடும். நான்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் ரெனிஸ் என்ற சொல்லையும் சேர்த்துப் பெயர் வைத்தார். 1989இல் நின்ரெண்டோ நிறுவனம் தன் 'கேம் போய்' என்ற சிறு கருவியோடு இதையும் சேர்த்து விற்கத் தொடங்கவே, அது உலகமெங்கும் பரவியது. (எங்கள் ஊர்களில் அல்ல. தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்கலம் தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட தலைமுறைக்கு 'கேம் போய்' எங்கே தெரியப்போகிறது!)

இந்த விளையாட்டு மனத்தை எவ்வளவு ஆழமாகப் பிடித்துக்கொள்கிறது என்பதற்கு ஓர் ஆய்வைச் சொல்லலாம். 2000ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஹாவாட் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், புதியவற்றை நினைவில் வைத்திருக்க முடியாத மறதி நோயாளர் சிலரை ரெற்றிஸ் ஆடச் செய்தார்கள். தாம் ஆடியதையே அவர்கள் மறந்துவிட்டார்கள். ஆயினும், இரவில் உறங்கத் தொடங்கும் வேளையில், ஏதோ வடிவங்கள் விழுவதைக் கண்டதாக அவர்களுட் சிலர் கூறினார்கள்.

மனத்தின் கண்ணை இவ்வளவு வலுவாகப் பிடிக்கும் ஒன்று, அந்தக் கண் முன் வந்து நிற்கும் கொடிய காட்சியை அப்புறப்படுத்தாதா? இங்கிலாந்தில் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எமிலி ஹோம்ஸ் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் இந்தக் கேள்வியைக் கேட்டார்கள். மனத்திலே காட்சிகளைப் பிடித்து வைக்கும் இடம் சிறியது. இரண்டு காட்சிகள் ஒரே வேளையில் அங்கே முழுமையாக நிற்க முடியாது. அத்துடன், ஒரு நிகழ்ச்சி நடந்த முதற் சில மணி நேரத்திலேயே அதன் நினைவு இறுகிப் படிகிறது. ஆகவே அந்த நேரத்துக்குள் மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால், காட்சி இறுகும் வலு குறையலாம் என்பது அவர்கள் எண்ணம்.

2009இல் வெளியான ஆய்வில், மனத்தைக் கலக்கும் காட்சிகள் நிறைந்த படமொன்றைச் சிலருக்குக் காட்டினார்கள். அரை மணி நேரம் கழித்து அவர்களிற் பாதிப்பேர் பத்து நிமிடம் ரெற்றிஸ் ஆடினார்கள். அடுத்த ஒரு வாரத்தில், தானாக வந்து மோதும் காட்சிகள் அவர்களுக்குக் குறைவாகவே தோன்றின. படத்தில் என்ன நடந்தது என்பதை மாத்திரம் அவர்கள் மறக்கவில்லை. அடுத்த ஆண்டில் வேறொன்றையும் கண்டார்கள். ரெற்றிசுக்குப் பதிலாக வினாவிடைப் போட்டி ஆடியவர்களுக்கு இந்த நன்மை கிடைக்கவில்லை. ஒரு பரிசோதனையில், எதுவுமே செய்யாதிருந்தவர்களைவிட அவர்களுக்குக் காட்சிகள் அதிகமாக வந்தன. எந்தப் பராக்கும் போதும் என்பதல்ல. கண்ணாற் காணும் நினைவுக்குக் கண்ணுக்கான வேலையே எதிர் நிற்கிறது.

2017இல் அவர்கள் ஆய்வுகூடத்தை விட்டு மெய்யான துயரத்துக்கு வந்தார்கள். ஒக்ஸ்போட்டின் ஜோன் றட்கிளிப் மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வீதி விபத்தினால் வந்த 71 பேர் அதிற் பங்குபற்றினார்கள். விபத்து நடந்து ஆறு மணி நேரத்துக்குள், ஒரு பகுதியினரை அந்த நிகழ்ச்சியைச் சற்று நினைக்கச் செய்து, பின்னர் ரெற்றிஸ் ஆட வைத்தார்கள். மற்றவர்கள் அதே நேரத்தில் தாம் செய்தவற்றை எழுதினார்கள். தொடர்ந்து வந்த வாரத்தில், ஆடியவர்களுக்குத் தானாக வந்த நினைவுகள் மற்றவர்களைவிட 62 சதவீதம் குறைவு.

இதை வாசித்தபோது அந்த விறாந்தை வாங்கு என் கண்முன் வந்தது. ஓர் அவசர சிகிச்சைப் பிரிவில் வைத்தியர்கள் கவனமாகச் செய்து பார்த்த காரியத்தை, ஒருவரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தப் பிள்ளை தனக்குத் தானே செய்துகொண்டிருந்தான். அதை நிறுத்தச் சொன்னவன் நான்.

செபத்துக்குப் பதில் விளையாட்டு என்று இதை யாரும் வாசிக்கவேண்டாம். செபத்தை நாம் காட்சியகற்றும் மருந்தாகச் சொல்வதில்லை; அது வேறு உறவு, வேறு தேவை. பத்து நிமிடம் கழித்து அவனைக் கூப்பிட்டிருந்தாலும் இறைவன் கேட்டிருப்பார் என்றே சொல்கிறேன். மேலும், இந்த ஆய்வு முதல் ஆறு மணி நேரத்தைப் பற்றியது. போரிலும் கடற்கோளிலும் கண்டவை இன்னும் இரவில் வந்து எழுப்புகின்றவர்கள் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களிடம் தொலைபேசியைக் கொடுத்து விளையாடுங்கள் என்று சொல்லிவிட்டு நாம் ஒதுங்கிவிட முடியாது. அவர்களுக்கு வைத்தியரும், பொறுமையோடு கேட்கும் ஒருவரும் வேண்டும்.

அன்றாட மனச்சுமைக்கு வருவோம். பரீட்சை முடிவுக்குக் காத்திருத்தல், கடன், வெளிநாட்டிலிருந்து வராத தொலைபேசி அழைப்பு. இவற்றில் மனம் ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. இலகுவுமில்லாமல் கடினமுமில்லாமல், நம் திறமைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு வேலை கையில் கிடைத்தால் அந்தச் சுழற்சி சற்று நிற்கிறது. ஹங்கேரியக் குடும்பத்திற் பிறந்த மிகாய் சிக்சென்ட்மிகாயி என்ற உளவியலறிஞர் தம் வாழ்நாளெல்லாம் இதைத்தான் ஆராய்ந்தார். இரண்டாம் உலகப்போரின்போது சிறுவனாயிருந்த தமக்குச் சதுரங்கப் பலகையே சுற்றியிருந்த பயத்தை மறக்க இடம் கொடுத்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். எங்களுக்கு விளங்காத கதையா இது? ஷெல் விழுந்த நாட்களில் பதுங்கு குழிக்குள் இருந்து முந்நூற்றிநாலு அடித்த பெரியவர்களை, பொறுப்பற்றவர்கள் என்று நாம் யாரும் சொன்னதில்லையே.

திருச்சபையின் பேரறிஞர் புனித தோமஸ் அக்குவினாஸ் இதை எப்போதோ ஆராய்ந்துவிட்டார். தமது இறையியல் தொகுப்பின் இரண்டாம் பாகத்து இரண்டாம் பிரிவில், 168ஆம் வினாவில், விளையாட்டிலே ஒரு புண்ணியம் இருக்க முடியுமா என்று கேட்கிறார். உழைத்த உடலுக்கு இளைப்பாறுதல் வேண்டியதுபோல, உழைத்த மனத்துக்கும் வேண்டும். மனத்தின் இளைப்பாறுதல் மகிழ்ச்சியே என்பது அவர் விளக்கம். வனத்துறவிகளிடையே வழங்கிய கதையொன்றையும் எடுத்துக் காட்டுகிறார். புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடியதைக் கண்டு சிலர் இடறலடைந்தார்களாம். அவர்களில் ஒருவனிடம் வில் இருந்தது. அம்பை எய்யச் சொன்னார் அருளப்பர். மீண்டும் மீண்டும் எய்தான். "இப்படி ஓயாமல் எய்துகொண்டே இருப்பாயா?" என்று கேட்க, "வில் முறிந்துவிடும்" என்றான். மனமும் அப்படியே என்றார் அருளப்பர்.

அக்குவினாஸ் வரம்புகளையும் வைக்கிறார். தகாத காரியத்தில் மகிழ்ச்சி தேடக்கூடாது. மனத்தின் நிதானம் முற்றாகக் குலையக்கூடாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும். மூன்றாவது வரம்பைத்தான் தாய்மாமன் அன்று எடுத்துச் சொன்னார் என்று வாதாடலாம். ஆனால் அதே வினாவின் கடைசிப் பகுதியில், தானும் மகிழாமல் பிறர் மகிழ்வதையும் கெடுப்பவனிடமும் குற்றமுண்டு என்கிறார் புனிதர். நம் வீடுகளில் இந்தப் பகுதியை அதிகம் வாசிப்பதில்லை.

எல்லா விளையாட்டும் இளைப்பாறுதல் தருமா? இங்கேதான் பெற்றோர் கூர்ந்து பார்க்க வேண்டும். துப்பாக்கியும் இரத்தமும் உள்ளவற்றைக் கண்டவுடனே அறிந்துகொள்கிறோம். சாந்தமாகத் தோன்றுபவற்றுக்குள்ளும் இரண்டு வகை உண்டு.

'ஸ்ரார்டியூ வேலி' என்று ஒரு விளையாட்டு 2016இல் வெளிவந்தது. எரிக் பரோன் என்ற அமெரிக்க இளைஞர் நாலரை ஆண்டுகள் தனியாக இருந்து, படம், இசை, கதை எல்லாவற்றையும் தாமே செய்தார். அலுவலக வேலையில் அலுத்துப்போன ஒருவன், பாட்டனார் விட்டுச்சென்ற தோட்டத்துக்குத் திரும்புகிறான். நிலத்தைக் கொத்துகிறான், விதைக்கிறான், தண்ணீர் விடுகிறான், மீன் பிடிக்கிறான், அயலவரோடு பழகுகிறான். விளையாட்டின் ஒரு நாள் நமது கடிகாரத்தில் ஏறக்குறைய 14 நிமிடம். இரவு வந்ததும் அவன் படுத்துறங்க வேண்டும். அப்போதுதான் அதுவரை செய்தவை பதிவாகும். அதாவது, எழுந்து போவதற்கு ஒரு வாசல் அதற்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. (மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடச் சொன்னால் முகம் சுளிக்கும் பிள்ளை, திரையிலே ஒரு காணி முழுவதற்கும் ஊற்றுவதைக் கண்டு எரிச்சலடையும் தகப்பன்மாரை நானறிவேன். அவர்கள் எரிச்சலில் நியாயம் இல்லாமலும் இல்லை.)

மற்ற வகைக்கு 'கான்டி கிறஷ்' என்ற இனிப்புக் கட்டி விளையாட்டைச் சொல்லலாம். 2012 முதல் உண்டு, பாட்டிமாரும் ஆடுகிறார்கள். பார்ப்பதற்கு ரெற்றிசைவிடச் சாதுவானது. அதிலே ஆடுபவருக்கு ஐந்து 'உயிர்கள்'. அவை தீர்ந்தால், அரை மணிக்கு ஒன்றாகத் திரும்பி வரும். பொறுக்க முடியாதவர் காசு கட்டலாம். இங்கே இளைப்பாறுதல் முடிந்த பின்னும் மனம் தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருக்கிறது: அரை மணி ஆயிற்றா? வில்லின் நாண் கழற்றப்படவில்லை. இன்னொரு கையால் இழுக்கப்படுகிறது.

இந்த வேறுபாட்டை ஆய்வும் காட்டியிருக்கிறது. கொவிட் காலத்தில், 2020 மார்ச் மாதம் வெளிவந்த 'அனிமல் குறொசிங்' என்ற தீவு விளையாட்டில் கோடிக்கணக்கானோர் ஆறுதல் தேடினார்கள். அந்த ஆண்டில் ஒக்ஸ்போட் ஆய்வாளர், அதை அதிகம் ஆடியவர்கள் சற்று அதிகமாக நலமாயிருப்பதாகக் கண்டார்கள். பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2022இல் ஏழு விளையாட்டுக்களைச் சேர்ந்த ஏறக்குறைய 39,000 பேரைத் தொடர்ந்து பார்த்தபோது, ஆடிய நேரம் நலத்தைக் கூட்டியதாகவோ குறைத்ததாகவோ சொல்லத்தக்க சான்று கிடைக்கவில்லை. விருப்பத்தோடு ஆடுகிறாரா, ஆடாமலிருக்க முடியாமல் ஆடுகிறாரா என்பதிலேயே வித்தியாசம் தெரிந்தது.

உலக சுகாதார நிறுவனமும் விளையாட்டு நோய் என்று ஒன்றைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்திருக்கிறது. 2022 தொடக்கம் அது நடைமுறையில் உள்ளது. அங்கேயும் மணிக்கணக்கு குறிப்பிடப்படவில்லை. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றுக்கும் மேலாக அதற்கே முதலிடம், தீமை விளைந்தும் தொடர்தல். இவை சாதாரணமாக ஓராண்டு நீடித்தால்தான் அந்தப் பெயர்.

ஆதலால் தாய்மாரே, பிள்ளை தொலைபேசியோடு இருக்கும்போது கடிகாரத்தை மட்டும் பார்க்க வேண்டாம். வைக்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள். சாப்பிட வா என்றதும், "இந்த ஆட்டம் முடியட்டும் அம்மா" என்று சொல்லி, முடிந்ததும் வருகிறானா? வந்து உங்களோடு கதைக்கிறானா? அல்லது உடம்பு மேசையிலும் மனம் அறையிலுமா? எதை மறக்க இவன் ஆடுகிறான் என்ற கேள்வியையும் ஒருமுறை கேளுங்கள். பறித்த பின்பு கேட்டால் பதில் வராது. பக்கத்தில் இருந்து, "எனக்கும் காட்டித் தா" என்று கேட்டால் சிலவேளை வரும்.

என் பங்குக்கு நானும் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்தப் பையன்தான் எனக்கும் ரெற்றிஸ் பழக்கினான். பத்திரிகை அச்சுக்குப் போகும் இரவில், அச்சுப்படி திருத்திக் கண் மங்கியதும், மூன்று ஆட்டம் என்று எனக்கு நானே ஓர் எல்லை வைத்திருக்கிறேன். சென்ற வாரம் ஐந்து ஆடினேன். ஆறாம் பக்கத்து மரண அறிவித்தலில் ஒரு பெயர் பிழையாக வந்திருக்கிறது. அக்குடும்பத்தாரிடம் நேரிற் போய் மன்னிப்புக் கேட்டேன். திருத்தம் இவ்விதழின் அதே பக்கத்தில் உள்ளது.