ஆபீஸை வீட்டுக்கு அனுப்ப எத்தனை எம்பிபிஎஸ் வேணும்?

நெட்வொர்க்ஸ் பேப்பர்ல சப்நெட் கணக்கு ஒண்ணு கட்டாயம் வரும். போட்டுட்டு ஹாலை விட்டு வெளியே வந்ததும் மறந்துடுவோம். 2020 மார்ச்ல நாடு முழுக்க இருந்த ஐடி அட்மின்கள் அதே கணக்கை நிஜமாவே போட வேண்டி வந்தது. அதுக்குக் கிடைச்ச நேரம் ரொம்பக் கம்மி. மார்ச் 22 மக்கள் ஊரடங்கு. அதோட பயணிகள் ரயில்கள் நின்னு போச்சு. நம்ம கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் மின்சார ரயில்களும்தான். மார்ச் 24 மாலை 6 மணிக்கு தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு. இரவு 8 மணிக்குப் பிரதமர் பேசினார், நள்ளிரவிலிருந்து 21 நாள் ஊரடங்கு.

"சென்னை கம்பெனிங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே, 2015 வெள்ளத்தையே பார்த்தவங்களாச்சே"ன்னு நினைக்கலாம். பாதி சரி. 2015 டிசம்பர்ல ஓஎம்ஆர் தண்ணியில நின்னப்போ, முக்கியமான டீம்களை பெங்களூரு போன்ற ஊர்களில் இருந்த கிளைகளுக்கு அனுப்பி வேலையை ஓட்டினாங்க. 2019 ஜூன்ல தண்ணீர்ப் பஞ்சம் வந்தப்போ சில கம்பெனிகள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொன்னாங்க. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. நாம படிக்கிற டிசாஸ்டர் ரெகவரி திட்டங்கள் பெரும்பாலும் "ஒரு கட்டிடம் போச்சுன்னா இன்னொரு கட்டிடம்" என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. தொற்றுநோய் வந்தா எல்லாக் கட்டிடமும் ஒரே நாளில் மூடும். சர்வர் நல்லாத்தான் ஓடிக்கிட்டிருக்கும், அதுகிட்ட போக ஆள்தான் இருக்காது.

சட்டமும் குறுக்கே நின்னது. கால் சென்டர், பிபிஓ ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்யணும்னா அப்போ தொலைத்தொடர்புத் துறையிடம் செக்யூரிட்டி டெபாசிட், ஒப்பந்தம் எல்லாம் வேண்டியிருந்தது. 2020 மார்ச் 13-ல்தான் அதைத் தற்காலிகமா தளர்த்தினாங்க. சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் வரியில்லாமல் வாங்கின கம்ப்யூட்டரை அனுமதி இல்லாம கேட்டைத் தாண்டிக் கொண்டு போக முடியாம இருந்தது. புது லேப்டாப் வாங்கலாம்னா, ஏப்ரல்ல ஆன்லைன் கடைகள் அத்தியாவசியப் பொருள் மட்டுமே விற்கலாம்னு விதி. அதனாலதான் டெஸ்க்டாப்பையே வண்டியில ஏத்தி ஊழியர் வீட்டு வாசலில் இறக்கின கதைகள் எல்லாம் நடந்தது.

சரி, இப்ப கணக்குக்கு வருவோம். ஒரு கம்பெனியை நாமளே கற்பனை பண்ணிக்குவோம். 400 ஊழியர்கள், 50 எம்பிபிஎஸ் லீஸ்டு லைன், ஃபயர்வாலில் 50 விபிஎன் லைசென்ஸ். சாதாரண நாளில் வெளியூர் போன சேல்ஸ் ஆட்கள் 20 பேர் விபிஎன்-ல இருப்பாங்க, அவ்வளவுதான். திடீர்னு 300 பேர் உள்ளே வரணும். முதலில் லைசென்ஸ் தீரும், 51-வது ஆளுக்குக் கதவு திறக்காது. காசு கொடுத்து லைசென்ஸ் வாங்கிட்டா அடுத்தது முகவரி. விபிஎன் பூல் ஒரு /24-ன்னா 254 முகவரிதான். 255-வது ஆள் பாஸ்வேர்டு சரியா போட்டும் வெளியே நிப்பார். அதையும் பெரிசாக்கிட்டா, மூணாவது லைன். ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆளுக்கு சுமார் 200 கேபிபிஎஸ்னு வெச்சாலும் 300 பேருக்கு 60 எம்பிபிஎஸ். லைன் 50 தான்.

இதுல வீடியோ மீட்டிங்கைச் சேர்த்துப் பாருங்க. எல்லா டிராஃபிக்கும் ஆபீஸ் வழியாத்தான் போகணும்னு 'ஃபுல் டனல்' செட் பண்ணியிருந்தா, வீடியோ இணையத்திலிருந்து ஆபீஸுக்கு வந்து, அங்கிருந்து வீட்டுக்குப் போகும். ஒரே மீட்டிங் அந்த லைனை ரெண்டு தடவை தின்னும். ஜூம் தினசரிப் பயன்பாடு 2019 டிசம்பரில் 1 கோடி, 2020 மார்ச்சில் 20 கோடி. அந்தச் சுமை எங்கே போய் விழுந்திருக்கும்னு யோசிங்க. வீடியோவை மட்டும் வீட்டு இணையத்தில் நேரா விட்டுட்டு, ஃபைல் சர்வர், இஆர்பி மட்டும் டனலுக்குள் அனுப்புவது 'ஸ்ப்ளிட் டனல்'. பாதுகாப்பு டீமுக்குப் பிடிக்காது, ஏன்னா நேரா போற டிராஃபிக் கம்பெனி ஃபயர்வால் கண்ணில் படாது. ஆனா 50 எம்பிபிஎஸ் வெச்சுக்கிட்டு வேற வழி கிடையாது.

ஹெல்ப் டெஸ்க்கைக் குழப்பின இன்னொரு கோளாறு உண்டு. ஆபீஸ் ஃபைல் சர்வர் முகவரி 192.168.1.10. வீட்டு ரவுட்டரும் 192.168.1.1. விபிஎன் 'கனெக்டட்'னு காட்டும், ஃபைல் மட்டும் திறக்காது. லேப்டாப் அந்த சர்வரை வீட்டுக்குள்ளேயே, டிவிக்கும் செல்போனுக்கும் நடுவுல தேடிக்கிட்டிருக்கும்! ஊழியர் நூறு தடவை ரீஸ்டார்ட் பண்ணினாலும் தீராது. ஆபீஸ் நெட்வொர்க்கை ஆரம்பத்திலேயே 10.47.12.0 மாதிரி யாரும் வீட்டில் வைக்காத எண்ணில் அமைச்சிருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. சப்நெட் கணக்கைக் கிண்டல் பண்றவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

டிசிஎஸ் மாதிரிப் பெரிய நிறுவனம் லட்சக்கணக்கான ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை செய்ய வைத்தது. அவங்ககிட்ட ஆளும் காசும் இருந்தது. தேசிய நெடுஞ்சாலை 16-ல் காலேஜ் பஸ் போகும்போது தெரியுதே, கும்மிடிப்பூண்டி சிப்காட், அங்கே உள்ள ஒரு நடுத்தர யூனிட்டை நினைச்சுப் பாருங்க. உலையை யாரும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக முடியாது. தொடர்ந்து ஓடியே ஆக வேண்டிய ஆலைகள் மாநில அரசு அனுமதியோட இயங்கலாம்னு ஊரடங்கு விதியிலேயே விலக்கு இருந்தது. ஆனா கணக்கு, கொள்முதல், சம்பளம் பார்க்கிறவங்க வீட்டில். பழுது பார்க்கிற இன்ஜினியர் சென்னையில், ரயில் இல்லாம. யூனிட்டுக்கு இருப்பது சாதாரண பிராட்பேண்ட். பப்ளிக் ஐபி இல்லைன்னா விபிஎன் சர்வர் வைக்கவே வழியில்லை. அப்போ கைக்கு வருவது எனிடெஸ்க், டீம்வியூவர். இல்லைன்னா ரவுட்டர் வரைக்கும் பப்ளிக் ஐபி இருக்கிற இடத்தில், போர்ட் 3389-ஐத் திறந்துவிட்டுடுவாங்க. டேலி ஓடுற கம்ப்யூட்டரில் இதைப் பண்ணினாலே ஆபத்து. பிஎல்சி-யைக் கட்டுப்படுத்துற ஸ்காடா கம்ப்யூட்டரில் பண்ணினா, பாஸ்வேர்டை ஊகிச்ச எவனோ ஒருத்தன் கையில் மோட்டாரும் வால்வும் போயிடும். பக்கத்தில் நிக்கிற தொழிலாளிக்கு அது உயிர்ப் பிரச்சினை. ஆலை நெட்வொர்க்குக்கும் ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் நடுவில் ஒரு ஜம்ப் சர்வர் வெச்சு, திரையைப் பார்க்க மட்டும் அனுமதி கொடுத்து, மாற்றம் செய்யணும்னா ஷிஃப்டில் இருப்பவர் போனில் கேட்டுத் தன் கையால் செய்யணும். மெதுவாத்தான் நடக்கும், இருக்கட்டும்.

பெரிய இடங்களும் தப்பலை. சென்னையில் பெரும் எண்ணிக்கையில் ஊழியர்களைக் கொண்ட காக்னிசன்ட் 2020 ஏப்ரலில் 'மேஸ்' ரான்சம்வேரால் தாக்கப்பட்டது. வீட்டிலிருந்து வேலை செய்வதற்கான அமைப்புகளும் அதில் அடிபட்டன. அந்தக் காலாண்டில் 5 முதல் 7 கோடி டாலர் வரை பாதிப்பு இருக்கும்னு நிறுவனமே கணித்தது. 2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நின்றதுக்குக் காரணம், யாரும் பயன்படுத்தாம, ஆனா மூடாம விட்ட ஒரு பழைய விபிஎன் கணக்கு. ஓடிபி மாதிரி ரெண்டாவது சரிபார்ப்பு அதுக்குக் கிடையாது, பாஸ்வேர்டு மட்டும்தான்.

அவசரத்தில் திறந்த கதவுகளை மூடுற வேலைக்கு எந்த ஆர்டரும் வராது, பாராட்டும் வராது. அடுத்து இன்பிளான்ட் ட்ரெயினிங்குக்கு சிப்காட் பக்கம் போகும்போது மெஷினைப் பார்த்துட்டு மட்டும் வந்துடாதீங்க. ஐடி பார்க்கிற அண்ணன்கிட்ட மரியாதையா மூணு கேள்வி கேளுங்க: ஒரே நேரத்தில் எத்தனை பேர் வெளியிலிருந்து உள்ளே வர முடியும், அதைக் கடைசியா எப்போ சோதிச்சுப் பார்த்தீங்க, 2020-ல் திறந்த கணக்குகளில் இன்னும் எத்தனை உயிரோட இருக்கு?