கமாவா, ‘அண்ட்’டா, ஒன்றுமே வேண்டாமா?

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன் இரண்டு பெயரடைகள் வந்தால், மூச்சு வாங்கும் இடத்தில் கமா போடச் சொல்வார்கள். அதை நம்பாதீர்கள். இந்தக் கமாவுக்கும் மூச்சுக்கும் சம்பந்தம் குறைவு.

‘எ லாங், டயரிங் ஜர்னி’யில் நீளம், அலுப்பு இரண்டும் தனித்தனியே பயணத்தைப் பற்றிப் பேசுகின்றன. முன்பின்னாக மாற்றலாம்; நடுவில் ‘அண்ட்’ வைக்கலாம்; காது உறுத்தாது. அப்படியானால் கமா போடுங்கள். ‘ஆன் ஓல்ட் வுடன் சேர்’ வேறு சாதி. ‘வுடன்’ முதலில் நாற்காலியோடு ஒட்டிக்கொள்கிறது; அந்த மரநாற்காலியைத்தான் ‘ஓல்ட்’ என்கிறோம். இடம் மாற்றினால் கெட்டுவிடும். கமா கூடாது.

இப்படி இடம் மாற்ற முடியாத பெயரடைகளின் வரிசை பெரும்பாலும் அபிப்பிராயம், அளவு, வயது, வடிவம், நிறம், ஊர், மூலப்பொருள், பயன் என்று போகும். பிறப்பிலேயே ஆங்கிலம் பேசுகிறவர்களுக்கும் காரணம் சொல்லத் தெரியாது. ஏழு வயது வாக்கில் டிராகன் கதை எழுதிய நாவலாசிரியர் டோல்கீனை, ‘கிரீன் கிரேட் டிராகன்’ என்று சொல்லக்கூடாது, ‘கிரேட் கிரீன் டிராகன்’தான் என்று தாயார் திருத்தினார். ஏன் என்பது இன்றும் விளங்கவில்லை என்று 1955இல் கவிஞர் ஆடனுக்கு எழுதினார் டோல்கீன். அவர் ஆக்ஸ்ஃபோர்டில் மொழியியல் கரைத்துக் குடித்த பேராசிரியர்!

ஒரே பொருளில் இரண்டு நிறம் கலந்திருந்தால் ‘அண்ட்’டுக்கு மாற்று இல்லை: ‘எ ரெட் அண்ட் ஒயிட் ஷர்ட்’. பெயரடைகள் ‘இஸ்’, ‘வாஸ்’ஸுக்குப் பின்னால் போய்விட்டாலும் அப்படியே: ‘த ஜர்னி வாஸ் லாங் அண்ட் டயரிங்’.

சில இடங்களில் கமா அர்த்தத்தையே மாற்றும். ‘ஹிஸ் செகண்ட் சக்சஸ்ஃபுல் ஃபிலிம்’ என்றால் ஏற்கெனவே ஒரு படம் ஓடியிருக்கிறது. ‘செகண்ட்’டுக்குப் பின் கமா போட்டால் அவருடைய இரண்டாவது படம் ஓடியது என்று மட்டுமே பொருள், முதல் படம் படுத்ததோ என்ற சந்தேகமும் கூடவே வரும். நடிகரைப் பேட்டி எடுத்து எழுதுகிறவர்கள் கவனிக்க.

ஹைஃபனின் வேலை வேறு. அது இரண்டு சொல்லை ஒரே பெயரடையாக்கும். ‘எ லிட்டில் யூஸ்ட் கார்’ சின்னதாக ஒரு பழைய கார். ‘லிட்டில்’லையும் ‘யூஸ்ட்’டையும் ஹைஃபனால் கோத்தால் அதிகம் ஓட்டாத கார். விலையே மாறிவிடும். ‘நியூலி பில்ட் ஹவுஸ்’ போல ‘லி’யில் முடியும் வினையடைக்கு ஹைஃபன் தேவையில்லை.

கடைசிப் பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் நடுவே எதுவும் வராது. இடம் மாற்றுவது, ‘அண்ட்’ வைப்பது ஆகிய இரண்டு சோதனையும் செய்து பார்த்த பிறகும் குழப்பமாக இருந்தால் கமாவை விட்டுவிடுங்கள். இல்லாத கமாவைவிட வேண்டாத கமாதான் கண்ணைக் குத்தும்.