தூரத்தில் நின்றவனின் ஜெபம்

வேதபகுதி: லூக்கா 18:9-14



தேவாலயத்தில் ஜெபித்த பரிசேயன் பொய் சொன்னதாக ஆண்டவர் கூறவில்லை. அவன் உபவாசித்தான், தசமபாகமும் கொடுத்தான். ஆயினும் தூரத்தில் நின்ற ஆயக்காரனைக் காட்டித் தன்னை உயர்த்திக்கொண்டான். அவன் வார்த்தைகளில் குறையில்லை. இருதயத்தில்தான் உண்மை இல்லை.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60க்கும் மேற்பட்டோர் மரித்தார்கள். மெத்தனால் உடலுக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறிப் பார்வை நரம்பைக் கெடுக்கும், உயிரையும் பறிக்கும். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் பலர் சிகிச்சை பெற்றார்கள். தாயையும் தகப்பனையும் ஒருங்கே இழந்த பிள்ளைகளும் உண்டு.

அந்தச் செய்தியைக் கேட்டபோது நம் உள்ளத்தில் முதலாவது எழுந்தது எது? "குடித்தார்கள், செத்தார்கள்" என்ற தீர்ப்பா? "ஆண்டவரே, இரங்கும்" என்ற கதறலா? தீர்ப்பை உள்ளே வைத்துக்கொண்டு இரக்கத்தை உதட்டால் கேட்டால், நாமும் பரிசேயன் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

உண்மையான ஜெபத்தைக் குறித்து வேதத்திலிருந்து இரண்டு பாடங்களைக் கற்றுக்கொள்வோம்.

1. அது பாவிகளோடு சேர்ந்து நிற்கும். தானியேல் உத்தமன். ஆனாலும் தன் ஜனத்துக்காக ஜெபித்தபோது "அவர்கள்" என்று ஒதுங்காமல், "நாங்கள் பாவஞ்செய்தோம்" என்றே அறிக்கையிட்டான் (தானியேல் 9).

2. அது ஜெபிக்கிறவனை எழுப்பும். எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் கேள்விப்பட்ட நெகேமியா அழுதான், உபவாசித்து மன்றாடினான். பின்பு ராஜாவிடம் தன்னையே அங்கே அனுப்பும்படி கேட்டான் (நெகேமியா 1, 2).

கல்வராயன் மலையைச் சாராய மலை என்று சொல்லிவிடுவது எளிது. அங்கே வாழும் மலையாளி பழங்குடி மக்களுக்குச் சாலையும் மருத்துவமும் பிழைப்பும் எவ்வளவு கிட்டின என்று கேட்பவர் சிலரே. 2024 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அம்மக்களின் நிலையைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் கேட்ட கேள்வியை, ஜெபிக்கிற நாம் கேளாதிருக்கலாமா?

அன்பான பங்காளர்களே, மருத்துவ ஊழியத்திற்காக நீங்கள் கொடுக்கும் காணிக்கையும் ஏறெடுக்கும் ஜெபமும் வெவ்வேறானவை அல்ல. ஆனால் காணிக்கை நம்மை உயரத்தில் நிறுத்திவிட வேண்டாம். இந்த வாரம் குடியினால் உடைந்த ஒரு குடும்பத்தை நினைத்து முழங்காலிடுவோம். எழுந்தபின் அந்த வீட்டு வாசல்வரை நடப்போம்.

ஜெபம்: ஆண்டவரே, நாங்கள் நியாயந்தீர்த்தவர்களை நேசிக்கக் கற்றுத்தாரும். பாவிகளாகிய எங்கள்மேல் இரக்கமாயிரும். ஆமென்.