கருப்பொருளும் கலைப்பொருளும்

இலக்கணம் பயின்றவர்க்கு முதல், கரு, உரி என்னும் மூன்றும் புதியன அல்ல. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்திலே தோன்றி, அங்கு வாழும் மக்களோடு ஒன்றிப்போன தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். மக்களின் அக ஒழுக்கம் உரிப்பொருள். இதனைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்து, விடைத்தாளில் இறக்கிவைத்துவிட்டு மறந்துவிடுவது நம்மில் பலருடைய வழக்கம். ஆயின் இப்பாகுபாடு பாட்டுக்கு மட்டும் உரியதன்று. பெங்களூரிலே வாழ்ந்து, உலகக் கண்காட்சிகள் பலவற்றில் தம் படைப்புகளை வைத்துவரும் ஷீலா கவுடா அம்மையாரின் கலையை விளக்க, இதனினும் நல்ல கருவி எனக்குக் கிடைக்கவில்லை.

நாம் வாழும் பொம்மனஹள்ளியின் கருப்பொருள் யாவை? 2007-ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாய் இருந்து, பின்னர்ப் பெருநகரோடு இணைந்த ஊர் இது. வயலும் ஏரியும் இதன் அடையாளமாயிருந்த காலம் போய்விட்டது. இன்று ஓசூர்ச் சாலையில் இறங்கி நின்றால் கண்ணிற் படுவன எவை? தமிழ்நாட்டை நோக்கி விரையும் லாரியின் முகப்பில் கண்ணேறு கழிக்கக் கட்டிய கருமுடிக் கயிறு. சாலை போட்டவர் விட்டுச்சென்ற தார்ப் பீப்பாய். கட்டட வேலைக்குச் செல்லும் பெண்ணின் கையில் இரும்புச் சட்டி. சிறு கோயிலின் குங்குமமும் ஊதுவத்தியும். பழைய வீட்டை இடித்த இடத்தில் தெருவோரம் உருண்டு கிடக்கும் ஆட்டுக்கல். இவற்றைக் கலைப்பொருள் என்று ஒருவர் சொன்னால் நாம் சிரிப்போம். ஆனால் அம்மையார் கையாண்ட பொருள்கள் பெரும்பாலும் இவையே.

அவர் 1957-இல், இரும்பாலைக்குப் பேர்போன பத்திராவதியில் பிறந்தார். பெங்களூரில் ஆர். எம். ஹடபாத் நடத்திய கென் கலைப்பள்ளியில் ஓவியம் பயின்று 1979-இல் வெளிவந்தார். பின்னர்ச் சாந்திநிகேதனத்தில் கே. ஜி. சுப்பிரமணியனிடம் கற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்துவிட்டுக் கலைக்கு வந்தவர் சுப்பிரமணியன். கைத்தொழில் வேறு, உயர்கலை வேறு என்னும் வேலியை ஒப்பாதவர். சுடுமண்ணையும் பொம்மையையும் ஓவியத்தோடு ஒப்ப மதித்த அந்த ஆசிரியரின் நிழல் மாணவியின் மேலும் விழுந்தது எனக் கொள்வதில் தவறில்லை. அங்கிருந்து இலண்டன் இராயல் கலைக் கல்லூரி சென்று 1986-இல் பட்டம் பெற்றார். அதுவரையிலும், அதற்குப் பின் சில ஆண்டுகளும், அவர் கையிலிருந்தவை நெய்வண்ணமும் துணிப்பரப்புமே.

திருப்பம் 1992-இல் வந்தது. அவ்வாண்டு டிசம்பரில் அயோத்தியில் பாபர் மசூதி இடிக்கப்பட்டது. தொடர்ந்து பம்பாயில் 1993 ஜனவரி வரை பெருங்கலகம் மூண்டு உயிர்கள் பலியாயின. கொடுமையை வண்ணத்தால் தீட்டிக் காட்டுவது போதுமா என்னும் ஐயம் அந்நாளில் இந்தியக் கலைஞர் பலருக்கு எழுந்தது. அம்மையார் நெய்வண்ணத்தை விட்டுச் சாணத்தைக் கையில் எடுத்தார்.

சாணம் என்றதும் முகம் சுளிக்க வேண்டா. நம் வீட்டு வாயிலில் தெளிப்பது அது. தரையை மெழுகுவது அது. வறட்டியாய் அடுப்பெரிப்பது அது. மார்கழியில் பூசணிப்பூவைத் தாங்கி நிற்பதும் அதுவே. தூய்மை செய்யும் பொருளும் அழுக்குப் பொருளும் ஒன்றாயிருக்கும் வியப்பு அதில் உண்டு. அதனை அள்ளுவதும் பிசைவதும் தட்டுவதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. ஒரு பக்கம் பசுவின் பெயரால் அரசியல்; மறுபக்கம் அப்பசுவின் சாணத்தைச் சுமக்கும் கூலிப்பெண். இவ்விரண்டையும் ஒரு சொல்லும் பேசாமல் ஒரு பிடிச் சாணம் தன்னுள் அடக்கிக்கொண்டிருக்கிறது. 1996-இல் அவர் சாணத்தால் செங்கல் போன்ற கட்டிகள் செய்து, வளைந்தோடும் இரட்டை வரிசையாகத் தரையில் அடுக்கி, இடையிலே சாந்துக்குப் பதில் குங்குமத்தை நிரப்பினார். 'மார்ட்டர் லைன்' என்பது அதன் பெயர். சுவர் எழுப்பும் வேலையின் முதல் வரிசைபோலவும் தோன்றும். பிளந்த காயம்போலவும் தோன்றும். எது என்று கலைஞர் சொல்லவில்லை.

ஈண்டுத்தான் தொல்காப்பியம் துணைக்கு வருகிறது. மருதத் திணைப் பாட்டில் எருமை குளத்திலிறங்கித் தாமரையை மிதித்துச் செல்லும். புலவன் அவ்வளவோடு நிறுத்திக்கொள்வான். தலைவனின் ஒழுக்கத்தைப் பற்றித்தான் பேச்சு என்பதைக் கேட்போர் உய்த்துணர்வர். இதனை உள்ளுறை என்றனர். கருப்பொருளைக் கொண்டு உரிப்பொருளை உணர்த்தும் முறை இது. எருமைக்கு மாறாக ஒரு கற்பனை விலங்கை நிறுத்தினால் உள்ளுறை நில்லாது. ஏனெனின் கேட்பவன் நாள்தோறும் கண்ட எருமையே பொருளைச் சுமக்கிறது. அம்மையாரின் சாணமும் குங்குமமும் அவ்வாறே தம்மோடு பொருளைச் சுமந்துகொண்டே கண்காட்சிக் கூடத்துள் நுழைகின்றன.

புதுப்பொருள் தேடும் வேட்கை உலகிற்குப் புதிதன்று. 1912-இலேயே பிக்காசோ நாற்காலிப் பிரம்பின் பின்னல் அச்சிட்ட மெழுகுத்துணியை ஓவியத்தில் ஒட்டி, கயிற்றையே சட்டமாகச் சுற்றினார். இத்தாலியில் 1967 முதல் 'ஏழ்மைக் கலை' எனப் பொருள்படும் 'ஆர்த்தே போவெரா' இயக்கத்தார் மண், நிலக்கரி, கந்தல் முதலியவற்றைக் கையாண்டனர். தமிழ்நாட்டிலும் சென்னைக்குத் தெற்கே 1966-இல் கே. சி. எஸ். பணிக்கர் தோற்றுவித்த சோழமண்டலக் கலைஞர் கிராமத்தைச் சூழ்ந்து, ஜானகிராம் செப்புத் தகட்டை அடித்து உருவம் கண்டார். பெங்களூரில் பிறந்த நந்தகோபால் உலோகத்தைப் பற்றவைத்துச் சிற்பம் செய்தார். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. செப்புத் தகடு சிற்பமான பின்னர் அது முன்பு எங்கே கிடந்தது என்று நாம் கேட்பதில்லை. அம்மையாரின் படைப்பிலோ, பொருளின் பழைய வாழ்வே பாதிக் கலை.

1998-இல் தொடங்கிய 'அண்ட் டெல் ஹிம் ஆஃப் மை பெயின்' என்பதைப் பாருங்கள். 'என் நோவை அவனிடம் சொல்' எனலாம். தூதுப் பாட்டின் குரல் இதில் கேட்கவில்லையா? அதன் செய்முறை எளிது, செய்வதுதான் அரிது. ஊசியில் நெடுநூலைக் கோத்து, நூலின் நடுப்பகுதி ஊசிக்காதில் வரும்வரை இழுக்க வேண்டும். இப்படி ஓர் ஊசியன்று, பல பத்து ஊசிகள். பின்னர் அத்தனை நூலையும் ஒன்றுசேர்த்துப் பசையும் குங்குமமும் பூசினால் ஒரே சிவந்த கயிறாகிவிடும். அக்கயிறு கூடத்தின் சுவரிலும் தரையிலும் கொடிபோல் படர்ந்து கிடக்கும். தொலைவில் நின்று பார்ப்பவர் அழகிய செங்கோடு என்பர். நெருங்கினால் நுனியிலே கொத்தாய்த் தொங்கும் ஊசிகள் தெரியும். தையல் வேலையில் விரல் குத்துப்பட்ட எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை. நம் ஊரின் ஆடைத் தொழிற்சாலைகளில் நாள்முழுதும் ஊசியின்முன் குனிந்திருக்கும் பெண்கள் இதனைக் கண்டால் என்ன சொல்வார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. (குங்குமமும் ஒரு வேதியற் பாடமே: மஞ்சளோடு சுண்ணாம்பு சேரக் காரத்தால் செம்மை பிறக்கிறது.)

2007-இல் ஜெர்மனியின் காசெல் நகரில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் டாக்குமெண்டா கண்காட்சியில் இச்செங்கயிறும் இடம்பெற்றது. 'கொலாட்டரல்' என்ற இன்னொரு படைப்பும் இடம்பெற்றது. ஊதுவத்திக்குரிய மாவைப் பிசைந்து, கம்பிவலைச் சட்டங்களின்மேல் பல வடிவமாகப் பரப்பித் தீயிட்டார். எரிந்தபின் வடிவம் குலையாமல் சாம்பலாய் நின்றது. பெங்களூரில் ஊதுவத்தி உருட்டுவது எத்தனையோ பெண்களின் வீட்டுக்கூலி. மணம் போய்விட்டது, உழைப்பும் போய்விட்டது, ஊதினால் பறக்கும் சாம்பல் மட்டும் நிற்கிறது.

என் கருத்தில் அவருடைய படைப்புகளில் தலைசிறந்தது 2009-இல் வெனிஸ் இருபதாண்டு, மன்னிக்க, ஈராண்டுக் கண்காட்சியில் வைத்த 'பிஹோல்ட்'. 'காண்' என்பது பொருள். மனித முடியால் திரித்த கயிறு ஏறத்தாழ 4 கிலோமீட்டர். கார்களின் எஃகுப் பம்பர்கள் ஏறக்குறைய இருபது. வேண்டுதலுக்காகக் கோயிலில் இறக்கும் முடியில் நீண்டது பொய்முடி வாணிகத்திற்குப் போகிறது. குறுகியது கயிறாகி வண்டிகளின் பம்பரில் காப்பாக ஏறுகிறது. அந்தக் கயிற்றையும் அந்தப் பம்பரையும் அம்மையார் மீண்டும் சேர்த்தார். ஆனால் முறையை மாற்றினார். பம்பர் கயிற்றைத் தாங்கவில்லை. கயிறு பம்பரைத் தாங்குகிறது! மெல்லிய முடி, பளபளக்கும் எஃகைச் சுவரோடு தூக்கி நிறுத்திக் கரிய அருவியாய்த் தரையில் வழிகிறது. பெயர் தெரியாத பல்லாயிரவரின் அச்சமும் நேர்த்திக்கடனும் அந்தப் புரியில் முறுக்கேறியிருக்கின்றன. இப்படைப்பு இன்று இலண்டன் டேட் கலைக்கூடத்தின் உடைமை.

தார்ப் பீப்பாயின் கதையும் இத்தகையதே. சாலைப் பணியாளர் வெற்றுப் பீப்பாயை வெட்டித் தகடாக்கிக் குடிசை கட்டிக்கொள்வர். 2006-இல் 'டார்க்ரூம்' என்னும் பெயரில் அம்மையார் அத்தகைய பீப்பாய்களையும் தகடுகளையும் கொண்டு ஓர் அறை எழுப்பினார். குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே இருள், நிமிர்ந்தால் கூரைத் தகட்டின் நுண்துளைகள் வழியே ஒளி புகுந்து விண்மீன் வானமாய்த் தெரியும். அடுத்து வந்த படைப்பொன்றில் தகட்டோடு மைக்காவையும் சேர்த்து, 'காகெபங்கார' என்று கன்னடப் பெயரிட்டார். காக்கையின் பொன் என்று பொருள். தமிழிலும் மைக்காவுக்குக் காக்காய்ப்பொன் என்றுதானே பெயர்! இரு மொழியும் ஒரே நகையைப் பார்த்து ஒரே விதமாய்ச் சிரித்திருக்கின்றன.

இனித் தடையொன்றை எழுப்பாமல் விடுதல் முறையன்று. இப்பொருள்களின் உள்ளுறை அறிந்தவர் நாம். ஆனால் இவற்றை மிகுதியும் கண்டவர் வெனிசிலும் காசெலிலும் இலண்டனிலும் உள்ளவர். சாணத்தைக் கீழைநாட்டு விந்தை என்று மட்டும் பார்த்துச் செல்லும் கண்ணுக்கு உள்ளுறை விளங்குமா? சாலைத் தொழிலாளி தன் குடிசையின் மறுவடிவத்தைக் காண நுழைவாயில் எங்கே? இக்கேள்வி நியாயமானது. உரைநூல் இல்லாமல் பிறநாட்டார் சங்கப் பாட்டைப் படிப்பதும் இத்தகைய இடர்ப்பாடுதான் என்று ஒரு விடை கூறலாம்; அது பாதி விடையே.

மறுபாதியை நோக்கிய முயற்சியாக நான் கருதுவது 'ஸ்டாப்ஓவர்'. தம் கணவரும் கலைஞருமான கிறிஸ்டோஃப் ஸ்டார்ஸோடு சேர்ந்து 2012-இல் முதலாம் கொச்சி-முசிறி ஈராண்டுக் கண்காட்சிக்காக அம்மையார் செய்தது. மின்சார அரவைப்பொறி வந்தபின் பெங்களூர் வீடுகளிலிருந்து ஆட்டுக்கற்கள் வெளியேறின. உடைக்க மனம் வராது; உணவு தந்த கல். வைத்துக்கொள்ள இடமும் இராது. ஆகவே தெருமூலையில் கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். அவ்வாறு கைவிடப்பட்ட ஏறத்தாழ 170 கற்களைத் திரட்டிக் கொச்சிக்குக் கொண்டுசென்று, கடலோரத்துப் பழைய வணிகக் கட்டடமாகிய ஆஸ்பின்வால் மாளிகையில் பரப்பினர். செதுக்கவில்லை, வண்ணம் பூசவில்லை. கொச்சிக் கண்காட்சிக்கு வந்தவருள் கலை விமரிசகர் மட்டும் இல்லை. உள்ளூர் மீனவரும் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பத்தோடு வந்த மூதாட்டியரும் உண்டு. அம்மூதாட்டியர்க்கு அக்கல்லின் குழி எதனால் தேய்ந்தது என்று எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியிருந்திராது.