காயலான் கடை ஸ்பிரிங்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பட்டறைக்கல்லுக்கு ஆகுமென்று தண்டவாளத் துண்டு ஒன்றை விலை பேசியிருக்கிறாயாமே. வேண்டாம். ஏலத்தில் எடுத்ததற்கு ரசீது இல்லாமல் ரயில்வே இரும்பை வைத்திருந்தால் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் பாயும். நேர்வழியில் வந்ததென்று நிரூபிக்க வேண்டியவனும் நீதான்.

அதே காயலான் கடையில் காரில் கழற்றிய காயில் ஸ்பிரிங் கிடக்கும். அதில் உளி அடி. வாங்கும் முன் துருவைச் சுரண்டி விரிசல் இருக்கிறதா என்று பார். ஓடி ஓடிக் களைத்த இரும்பு அது. வந்ததும் கிரைண்டரில் உரசு. எம்.எஸ். என்கிற மென் எஃகுக் கம்பியில் பொறி நீளமாக ஓடி அடங்கிவிடும். கார்பன் கூடிய எஃகில் கிளைவிட்டுப் பூவாய்ச் சிதறும். எம்.எஸ்.ஸை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் முனை நிற்காது.

உலையில் நன்றாகச் சிவந்தபின் நிமிர்த்து. சிவப்பு மங்கினால் சுத்தியலை நிறுத்திவிடு. வடிவம் வந்ததும் மறுபடி சிவக்கக் காய்ச்சி, சாம்பலில் புதைத்து இரவு முழுக்க ஆறவிடு. அப்போதுதான் அரம் பிடிக்கும். வாயை 60 டிகிரிக்கு ராவு.

இனிமேல்தான் வேலையே. வாய்ப்பக்கம் ஓர் அங்குலம் மட்டும் காய வேண்டும். காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதற்குமேல் சற்றுச் சிவந்ததும் எண்ணெயில் தோய்த்துவிடு. தண்ணீர் வேண்டாம், இந்த எஃகு வெடித்துவிடும். இப்போது அரம் வழுக்கினால் தோய்ச்சல் பிடித்துவிட்டது என்று அறிந்துகொள். ஆனால் இப்படியே அடித்தால் கண்ணாடிபோல் உடையும். வாயைப் பளபளவென்று தேய்த்து, உளியின் நடுவில் மெல்லச் சூடு காட்டு. வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா என்று வாயை நோக்கி ஓடிவரும். ஊதா வாயைத் தொட்டதும் தண்ணீரில் போடு. நீலம் வரவிட்டால் முனை மழுங்கும். வேலையை நிழலில் வைத்துக்கொள். வெயிலில் எந்த நிறமும் தெரியாது.

தலைப்பக்கத்துக்குத் தோய்ச்சல் கூடாது. கெட்டியான தலையில் சுத்தியல் பட்டால் சில்லு தெறித்துக் கண்ணில் பாயும். அடிபட்டுத் தலை குடைபோல் விரிந்தால் உடனே ராவி எடுத்துவிடு. துத்தநாகம் பூசிய குழாயோ கம்பியோ உலைப்பக்கம் போகவே கூடாது, அந்தப் புகை காய்ச்சலில் தள்ளும்.

அடுத்த முறை வரும்போது தேய்ந்த அரம் இரண்டு கொண்டு வருகிறேன். ஸ்கிரேப்பர் செய்யலாம். பல் ஒன்றுகூட மிச்சமில்லாமல் தேய்த்தாக வேண்டும். விட்ட பல்லில்தான் விரிசல் பிறக்கும்.

உன் மாமா